போலீஸுக்குத் துப்பாக்கி, நமக்கு மறுப்பு: இது நியாயமா?

தண்டையார்பேட்டையில் அப்பாவோடு சேர்ந்து அடகுக்கடை நடத்தும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கடைக்கு இரண்டு முறை மிரட்டல் போன் வந்திருக்கிறது. ஒரு ரிவால்வருக்கு லைசன்ஸ் எடுக்கலாமா என்று விசாரித்தால், "உங்களுக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்களாம். ஆனால் அதே தெருவில் ஒரு எஸ்.ஐ. இடுப்பில் பிஸ்டலோடு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தாலும் போலீஸுக்கு மட்டும் விலக்கு எழுதிவிடுகிறார்கள் என்றும் அவர் படித்திருக்கிறார். "சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் போலீஸுக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு? எங்கள் உயிர் மலிவா?" என்று கேட்கிறார்.

ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் ஆயுதச் சட்ட வழக்குகளை நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணியில் இருக்கும் போலீஸ்காரர் கையில் துப்பாக்கி இருப்பதை நான் அநியாயம் என்று நினைக்கவில்லை. அந்தத் துப்பாக்கி வெடித்த பிறகு என்ன நடக்கிறது, வெடித்ததற்கு யார் கணக்குக் கேட்கிறார்கள் என்ற இடத்தில்தான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் பெரிதாக இருக்கிறது. வட சென்னைக்காரர்கள் சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கி விவகாரம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவுப்படி, லைசன்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, எடுத்துச் செல்லக்கூடாது. விலக்கு வருவது 45ஆம் பிரிவில். அரசு ஊழியர் ஒருவர் தன் கடமையைச் செய்யும்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. தேசிய மாணவர் படையினருக்கும் பிரதேச ராணுவத்தினருக்கும் அதே நிபந்தனைதான். போலீஸ்காரர் என்ற ஆளுக்கு விலக்கு இல்லை, அவர் அப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்குத்தான் விலக்கு. நோயாளியோடு சைரன் போட்டுக்கொண்டு போகும் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டலாம். அதே டிரைவர் வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது தாண்டினால் அபராதம் கட்ட வேண்டும். இங்கேயும் கணக்கு அப்படித்தான்.

நீங்கள் பார்த்த எஸ்.ஐ.யின் பிஸ்டல் அவருடையது இல்லை, அரசுச் சொத்து. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார், தோட்டாவுக்கும் கணக்கு உண்டு, ஓய்வு பெறும் நாளில் அது அவரோடு வீட்டுக்குப் போகாது. நாளைக்கே அவர் தன் சொந்தப் பணத்தில் ஒரு .32 ரிவால்வர் வாங்க நினைத்தால், உங்கள் அப்பா நிரப்பும் அதே விண்ணப்பத்தைத்தான் அவரும் நிரப்ப வேண்டும். இரண்டு கோப்புகளும் ஒரே வேகத்தில் நகரும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சட்டத்தின் எழுத்து இருவருக்கும் ஒன்றுதான். லைசன்ஸ் எடுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது .32, .22, 12 போர் போன்ற வகைகள். போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைஃபிள் எல்லாம் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. அவற்றுக்கு லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் மட்டும் இருக்கிறது.

சமத்துவம் என்று கேட்டீர்கள். அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்லவில்லை. ஆட்களைப் பிரித்து நடத்தினால், அந்தப் பிரிவினைக்கு ஒரு தெளிவான அடிப்படை இருக்க வேண்டும், அந்த அடிப்படைக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1950களிலிருந்தே சொல்லிவருகிறது. கத்தியோடு வருகிறவனை எதிர்கொள்ளும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரிடமே ஆயுதம் வைக்கக்கூடாது என்று சொல்ல முடியாது. அந்தப் பொருத்தம் வேலை நேரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதையும் 45ஆம் பிரிவு சரியாகவே பிடித்திருக்கிறது.

போலீஸ் அல்லாத சாதாரண மக்களுக்கும் நம் நாட்டில் விலக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குடகு மாவட்டத்தில் அந்த மண்ணின் சமூகமான கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளை லைசன்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அனுமதி இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு 2019இல் அதை மேலும் பத்து ஆண்டுக்கு, 2029 வரை நீட்டித்தது. இது பாகுபாடு என்று ஒருவர் வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அந்த விலக்கை ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. பிறப்பை வைத்து வரும் விலக்கைவிட, பணியை வைத்து வரும் விலக்கு எனக்குச் சுத்தமாகத் தெரிகிறது.

வட சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1878இல் வெள்ளை அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு லைசன்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1857 கலகத்துக்குப் பிறகு வந்த பயம் அது. அப்போது நம் ஜார்ஜ் டவுனுக்குப் பெயரே கறுப்பர் நகரம். கோட்டைக்குள் இருந்தவனுக்குத் துப்பாக்கி, கோட்டைக்கு வடக்கே இருந்தவனுக்கு லைசன்ஸ் மனு. தோலின் நிறத்தை வைத்துக் கொடுத்த அந்த விலக்கை எதிர்த்துக் காங்கிரஸ் பல காலம் பேசியது. 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் வேண்டும் என்றே எழுதினார்கள்.

ஆனால் சுதந்திரம் வந்த பிறகு மனம் மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத நேரம் அது. கடைசியில் 19ஆம் பிரிவில் இடம்பிடித்தது, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமைதான். அதனால் இங்கே துப்பாக்கி என்பது அரசு காரணம் பார்த்துத் தரும் அனுமதி. அமெரிக்காவைப் போல அரசியல் சட்ட உரிமை இல்லை.

அந்த வித்தியாசம்தான் அமெரிக்கச் சண்டையை நம்முடையதிலிருந்து பிரிக்கிறது. அங்கே ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை என்று அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் சொல்கிறது. அந்த உரிமையை ஒரு மாநிலம் சுருக்கும்போது, போலீஸுக்கு மட்டும் சுருக்காமல் விட்டால் மக்களுக்குக் கோபம் வருவது இயல்பு. நியூயார்க்கில் 2013 ஜனவரியில், சாண்டி ஹூக் பள்ளிக் கொலைகள் நடந்த அடுத்த மாதமே, துப்பாக்கியில் 7 தோட்டாவுக்கு மேல் நிரப்பக்கூடாது என்று அவசரமாகச் சட்டம் போட்டார்கள். அவசரத்தில் போலீஸுக்கு விலக்கு எழுத விட்டுப்போய், பிறகு திருத்தினார்கள். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கைத்துப்பாக்கிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத புதுத் துப்பாக்கியைப் பொதுமக்கள் கடையில் வாங்க முடியாது, போலீஸ்காரர்கள் வாங்கலாம், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. அப்படி வாங்கி வெளியில் விற்றதாகச் சாக்ரமென்டோ பகுதிக் காவலர்கள் சிலர் மீது வழக்கே வந்தது. வேலைக்குக் கொடுத்த விலக்கு ஆளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2004இல் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பணியில் இருக்கும் போலீஸ் மட்டுமல்லாமல், தகுதியுள்ள ஓய்வுபெற்ற போலீஸும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம். மாநிலச் சட்டம் தடுத்தாலும் செல்லாது. இன்றைய நிலவரப்படி அதற்குப் பத்து ஆண்டுப் பணி போதும். ஓய்வுபெற்றவர் யாரையும் கைது செய்யப் போவதில்லை, அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரரைவிட அவருக்கு என்ன கூடுதல் தேவை? இந்தக் கேள்வி அங்கே நீதிமன்றத்திலும் வந்திருக்கிறது. ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குக் கலிஃபோர்னியா போட்ட தடையை 2002இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் பரிசீலித்தது. தடையை ஏற்றது, பணியில் இருக்கும் போலீஸுக்கான விலக்கையும் ஏற்றது, ஓய்வுபெற்ற போலீஸுக்கான விலக்கை மட்டும் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. தம்பி கேட்கும் கேள்விக்கு உலகத்தில் எங்காவது சரியான பதில் எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தத் தீர்ப்பின் அந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

அமெரிக்கக் கோபத்துக்கு இன்னொரு ஆழமான காரணமும் உண்டு. குறிப்பிட்ட ஒரு குடிமகனைக் காப்பாற்றியே தீர வேண்டிய சட்டக் கடமை போலீஸுக்கு இல்லை என்று அந்த நாட்டு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 2005இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், கணவர் நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வைத்திருந்த ஒரு தாய், அவர் குழந்தைகளைத் தூக்கிப்போய்விட்டார் என்று பல முறை போலீஸிடம் முறையிட்டார். போலீஸ் அசையவில்லை. மூன்று பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். போலீஸ் மீது வழக்குப் போட அந்தத் தாய்க்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு. காப்பாற்றும் கடமை உங்களுக்கு இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கருவியும் எனக்கு இல்லை, கருவி உங்களுக்கு மட்டும்தான் என்றால் எந்த மனிதனுக்கும் வயிறு எரியும்.

நம்மிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். குடிமகனிடம் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லும் அரசு, அவன் உயிருக்குத் தான் பொறுப்பு என்று அப்போதே ஒப்புக்கொள்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை வைத்துக்கொண்டு போலீஸ் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியும். சாதி மாறித் திருமணம் செய்த ஜோடிகள் அப்படிப் போகிறார்கள், உத்தரவும் வாங்குகிறார்கள். அடகுக்கடைக்காரரும் போகலாம். மிரட்டல் போன் பற்றி எழுதிக் கொடுத்த புகாருக்கு மனு ரசீது வாங்கினீர்களா, அந்த எண்ணை வைத்து யார் என்று தேடினார்களா என்பதுதான் ரிவால்வரைவிட முதலில் பார்க்க வேண்டியது.

இனி நம் ஊர். ஆயுதச் சட்டம் என்றால் மற்றவர்களுக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்து வீடுகளில் அது கத்தி வழக்கு. பட்டாக்கத்தியோடு பிடிபட்ட பையன்கள், கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்ட பையன்கள், இவர்கள் மீதுதான் இந்தச் சட்டம் அதிகமாகப் பாய்வதை நான் பார்க்கிறேன். விதிகளில் ஓர் அளவு இருக்கிறது: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வாள் போன்றவை ஆயுதம். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் சேராது. காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா கையில் இருப்பது எந்த அளவாக இருந்தாலும் தொழில் கருவி. மேலும், துப்பாக்கி அல்லாத ஆயுதத்துக்கு லைசன்ஸ் தேவை என்று சொல்ல, அந்தப் பகுதிக்கு 4ஆம் பிரிவின் கீழ் அரசு அறிவிக்கை இருக்க வேண்டும். அதைக் காட்டாமலேயே போடப்படும் வழக்குகள் நிற்பதில்லை. ஆனால் நிற்காத வழக்குக்கும் பையன் சில வாரம் புழல் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். போலீஸ் பக்கம் விலக்கு எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறதோ, அதே கவனம் மக்கள் பக்கம் எழுதப்பட்ட விலக்கைப் படிக்கும்போதும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

அப்புறம், என்கவுன்டர். நான் ஆரம்பத்தில் சொன்ன தூரம் இதுதான்.

2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். பத்து நாள் ஆவதற்குள், கைதானவர்களில் ஒருவர் மாதவரம் பக்கம் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானார். அந்த செப்டம்பரில் வியாசர்பாடியில் இன்னொரு என்கவுன்டர். பேப்பரில் வரும் விவரம் எல்லோருக்கும் மனப்பாடம்: மறைத்து வைத்த ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றோம், அவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம். ஒரு சம்பவத்தில் அது முழு உண்மையாகவே இருக்கலாம். போலீஸ்காரரும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்தான், அவர் உயிருக்கும் விலை உண்டு. ஆனால் உண்மையா என்று யார், எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் போலீஸுக்கு ஒரு தற்காப்பு, பொதுமக்களுக்கு ஒரு தற்காப்பு என்று இல்லை. உங்கள் அப்பா லைசன்ஸ் துப்பாக்கியால் கொள்ளைக்காரனைச் சுட்டு அவன் இறந்தால் என்ன ஆகும்? எஃப்.ஐ.ஆர். வரும், துப்பாக்கி பறிமுதலாகும், லைசன்ஸ் நிறுத்தப்படலாம், கைதாகவும் கூடும். தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு நீதிமன்றத்தில் அவர் தலையில் விழும். போலீஸ் சுட்டாலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும். அதே ஸ்டேஷன் போலீஸ் விசாரிக்கக்கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக்கூடாது. இதெல்லாம் பின்பற்றப்படவில்லை என்று நினைத்தால் இறந்தவர் குடும்பம் அந்தப் பகுதி செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் செய்யலாம்.

இந்தக் கடைசி வரி வியாசர்பாடியில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? ரவுடி என்று பெயர் வாங்கியவனின் மனைவியும் அம்மாவும், உடலை வாங்கி அடக்கம் செய்தால் போதும் என்ற நிலையில்தான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். மாஜிஸ்திரேட் அறிக்கை தானாக அவர்கள் வீட்டு வாசலுக்கு வராது. ஊரும் அவர்கள் பக்கம் இருக்காது. "தொலைந்தது சனியன்" என்று இனிப்பு கொடுத்தவர்களை நானே கண்டித்திருக்கிறேன். இன்று சரியான ஆளைச் சுட்ட துப்பாக்கி நாளைக்குத் தவறான ஆளைச் சுட்டால் கேட்பதற்கு இந்த நெறிமுறைகளைத் தவிர நம்மிடம் எதுவும் இல்லை.

சட்டத்தில் போலீஸுக்கு உள்ள உண்மையான சலுகைகளும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது அதிகாரத்தை மீறி உயிர் போனால், அது கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி இறக்கப்படுகிறது. கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்துவதும் பல நேரம் கஷ்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவு ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது: அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். கோப்பைத் தூங்க வைத்தே வழக்கைக் கொல்வது இனிக் கொஞ்சம் கடினம். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிக்காகப் பொதுமக்கள் மீது ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வழக்கு நடத்தவும் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அந்தப் பாதுகாப்பு நமக்கும் உண்டு.

கூட்டத்தின் மீது சுடுவது இன்னொரு பெரிய விஷயம். 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது பெரம்பூர், புளியந்தோப்பு வட்டாரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுட்டவர்கள் யாருக்கும் லைசன்ஸ் தேவைப்படவில்லை, 45ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தியது. அந்தப் பிரிவு துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அனுமதிக்கிறது. விசையை அழுத்தியது சரியா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. 13 குடும்பங்களுக்கும் வேண்டியது அந்தப் பதில்தான்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு, மக்களுக்கும் தாராளமாகத் துப்பாக்கி கொடுத்துவிடலாமா? என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். ஆம்ஸ்ட்ராங்கிடம் லைசன்ஸ் துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்த அதை ஜூன் மாதமே அவர் திரும்ப வாங்கிவிட்டார் என்று போலீஸ் அப்போது சொன்னது. திட்டம் போட்டு, கும்பலாக, கண் இமைக்கும் நேரத்தில் பாய்கிறவர்கள் முன்னால் ஒரு துப்பாக்கியால் அவரையே காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு பக்கம், ஒரு சுவரை இரண்டு வீடு பகிர்ந்துகொள்ளும் சந்துகளில், எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் வீட்டில், துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பீர்கள்? குடித்துவிட்டு வந்த அண்ணன் கையில் அது கிடைத்தால்? இன்று கையாலும் கத்தியாலும் முடிகிற சண்டைகள் எல்லாம் தோட்டாவில் முடியும். தவறிப்போகும் தோட்டா பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போகும். பயிற்சி பெற்றவர் கையிலேயே என்ன நடக்கும் என்று 2023 ஜூலையில் ஜெய்ப்பூர் மும்பை ரயிலில் பார்த்தோம். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் பணிக்குக் கொடுத்த துப்பாக்கியால் தன் மேலதிகாரியையும் பயணிகள் மூவரையும் சுட்டுக் கொன்றார். அதிலிருந்து எனக்குத் தோன்றுவது, போலீஸ் கையில் இருக்கும் துப்பாக்கிகளுக்கும் மனநலப் பரிசோதனை, பயிற்சி, ஓய்வு எல்லாம் கடுமையாக்கப்பட வேண்டும் என்பது.

2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோதும் அரசு இறுக்கும் பக்கம்தான் போனது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. போலீஸிடமிருந்தோ ராணுவத்திடமிருந்தோ துப்பாக்கியைப் பறித்தால் பத்து ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை வந்தது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் சிறை உண்டு. இவற்றில் எதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் அப்பாவின் லைசன்ஸுக்கு வருகிறேன். "உங்களுக்கெல்லாம் கிடைக்காது" என்ற பேச்சைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். எனக்கு ஆலோசனை கேட்டால் துப்பாக்கி வேண்டாம் என்பேன். கேமரா, நல்ல ஷட்டர், இரவுக் காவல், பணத்தை வங்கி லாக்கரில் வைப்பது இவைதான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் விண்ணப்பிப்பது அவர் உரிமை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சென்னை மாநகரில் லைசன்ஸ் அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும், பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் வசதியையும் காட்ட வேண்டும். உள்ளூர் ஸ்டேஷன் அறிக்கையை 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மிரட்டல் பற்றிக் கொடுத்த புகாரின் மனு ரசீது இருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள், ஆபத்து இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசன்ஸை மறுக்கக்கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. குடிசைப் பகுதிக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

மறுத்தால் காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பொதுநலனுக்கு ஆகாது என்று அவர் கருதினால் தவிர, நீங்கள் கேட்டால் சுருக்கமாகவாவது தர வேண்டும். வாய்மொழிப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அந்தக் காரணம் கையில் இருந்தால் 18ஆம் பிரிவின் கீழ் செய்யும் மேல்முறையீடு வலுவாக இருக்கும், அதிலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, உத்தரவு கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.